சேற்றுப்புண்: பூசுவது பாதி, உலர்த்துவது பாதி

குறுவைக்கோ சம்பாவுக்கோ நடவு தொடங்கினால் டெல்டா ஊர்களில் சேற்றுப்புண்ணும் தொடங்கிவிடும். நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய கால் சில நாட்களிலேயே விரலிடுக்கில் வெளுத்து, தோல் கிளம்பி, செருப்பு பட்டாலே எரியும். வயலில் கால் வைத்தே அறியாதவர்களுக்கும் இதே புண் வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஷூவைக் கழற்ற முடியாத காவலாளி, ஈரத்தரையில் நின்று பாத்திரம் கழுவும் உணவக ஊழியர், மீன் சந்தையில் ஐஸ் உருகிய தண்ணீரிலேயே நிற்பவர், நைலான் சாக்ஸோடு பகலெல்லாம் கல்லூரியில் இருக்கும் மாணவர் என்று பட்டியல் நீளும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது, விரலிடுக்கை விட்டுப் போகாத ஈரம்.

இந்த நோய்க்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் பல மலிவானவை. சிற்றூர் மருந்துக்கடையிலும் கிடைப்பவை. இருந்தும் ஒரே ஆளுக்கு ஆண்டு தவறாமல் திரும்ப வருகிறதே, ஏன்? பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். தவறான மருந்தைப் பூசுகிறோம். சரியான மருந்தைப் பூசினாலும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். பூசும் இடத்தை ஈரமாகவே விட்டுவிடுகிறோம். இந்த மூன்றையும் திருத்திக்கொண்டால் பெரும்பாலான சேற்றுப்புண்கள் வீட்டிலேயே ஆறிவிடும். ஆறாதவை எவை, எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பூஞ்சைக்குப் பாதம் ஏன் பிடிக்கிறது

நம் தோலின் மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. அதில் நிறைந்திருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் இந்தப் பூஞ்சைகளின் உணவு. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம், டிரைக்கோஃபைட்டான் இன்டர்டிஜிட்டேல் ஆகிய இரண்டும் பாதத்தைத் தாக்குவதில் முதலிடம் பிடிப்பவை. இவை தோலின் மேலடுக்கிலேயே இழை இழையாகப் படர்கின்றன. வழக்கமாக உடலின் உள்ளே இறங்குவதில்லை. ரத்த ஓட்டம் இல்லாத அடுக்கு என்பதால் உடலின் எதிர்ப்புப் படைகளும் அங்கே எளிதில் எட்டுவதில்லை. சிலருக்கு இந்தத் தொற்று ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கிவிடுவது இதனால்தான்.

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளோ அறவே இல்லை. எண்ணெய்ப் பசையில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பூஞ்சையை ஓரளவு தடுப்பவை. அந்தக் காவல் பாதத்துக்குக் கிடையாது. போதாக்குறைக்கு நான்காம் விரலும் சுண்டு விரலும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் அந்த இடுக்கில் காற்று புகுவதில்லை. பெரும்பாலோருக்கு நோய் முதலில் அங்கேதான் தொடங்குகிறது.

பூஞ்சை கிளறிய தோலில் பாக்டீரியாக்களும் குடியேறும். நாற்றம், நீர்வடிதல், கடும் எரிச்சல் ஆகியவை பெரும்பாலும் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டதன் அடையாளம். சேற்றில் நின்றவரின் புண்ணில் ஊறல், பூஞ்சை, பாக்டீரியா என மூன்றுமே கலந்திருப்பதுண்டு. காலை உலரவிட்டதுமே பாதி குணம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் காலில் இருப்பது எந்த வகை?

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலையும் விலக்கிப் பாருங்கள். உள்ளங்காலைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம்.

*விரலிடுக்கு வகை:* தோல் வெள்ளையாக ஊறி, ஈரக் காகிதம் போல உரியும். அடியில் சிவந்த வெடிப்பு தெரியும். அரிப்பும் எரிச்சலும் இருக்கும். மிகவும் பரவலானது இதுதான்.

*உள்ளங்கால் வகை:* பாதத்தின் அடியும் ஓரங்களும் தடித்து, வறண்டு, மாவு தூவியதைப் போலச் செதில் உதிரும். அரிப்பு அதிகம் இருக்காது. பலர் இதைப் பித்தவெடிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் எண்ணெய் தடவி வருகிறார்கள். பித்தவெடிப்பு பெரும்பாலும் குதிகாலோடு நிற்கும். செதில் உள்ளங்கால் முழுதும் பரவியிருந்தாலோ, ஒரு காலில் மட்டும் அதிகமாக இருந்தாலோ, நகமும் மஞ்சளித்திருந்தாலோ பூஞ்சையைச் சந்தேகியுங்கள்.

*கொப்புள வகை:* உள்ளங்காலின் குழிந்த பகுதியில் நீர்க்கொப்புளங்கள் திடீரெனக் கிளம்பும். அரிப்பு கடுமையாக இருக்கும்.

பூஞ்சையைப் போலத் தோன்றும் வேறு நோய்களும் உண்டு. செருப்பு வார் படும் இடத்தில் மட்டும், வாரின் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் அது செருப்பின் ரப்பரோ பதனிட்ட தோலோ ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமையாக இருக்கலாம். உள்ளங்காலில் சிறுசிறு குழிகள் விழுந்து துர்நாற்றம் வீசினால் அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்குகளில் சிறு கொப்புளங்கள் வந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அதேபோல இருந்தால் சிரங்கு. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதப் பூஞ்சை அவ்வளவாக வருவதில்லை. அவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஷூவின் வியர்வையால் உண்டாகும் தோல் அழற்சி. தொட்டால் உணர்ச்சி தெரியாத திட்டு எங்கே இருந்தாலும் களிம்பு தேடாமல் நேராக மருத்துவரிடம் காட்டுங்கள். அது தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

ஐயம் இருந்தால் தீர்த்துக்கொள்ள எளிய பரிசோதனை உண்டு. புண்ணின் ஓரத்துச் செதிலை மழுங்கிய கத்தியால் சுரண்டி ஒரு கண்ணாடித் தகட்டில் வைப்பார்கள். அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். தோல் செல்கள் கரைந்து, பூஞ்சையின் கிளைத்த இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் தெளியும். வலியும் இல்லை, நெடுநேரக் காத்திருப்பும் இல்லை. களிம்பு பூசிய தோலில் பூஞ்சை கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், சில நாட்களாவது எதையும் பூசாமல் போவது நல்லது.

மருந்துக்கடையில்: டியூபைத் திருப்பிப் படியுங்கள்

"அண்ணே, கால் இடுக்குல அரிக்குது, ஏதாச்சும் ஒரு ஆயின்மென்ட் குடுங்க." இப்படிக் கேட்பவர் கைக்கு, பல நேரங்களில் ஒரு கலவைக் களிம்புதான் வருகிறது. பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கும். வாங்கியவருக்கு மகிழ்ச்சி, அடுத்த முறை பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்.

அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பு வேலையை அது நிறுத்திவைக்கிறது. சிவப்பு மறைகிறது, அரிப்பு மறைகிறது, பூஞ்சையோ தடையில்லாமல் பரவுகிறது. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகக் கிளம்பும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வரி விழுந்து, நோயின் அடையாளமே மாறிவிடும். மருத்துவரே பார்த்துக் குழம்பும் நிலை வரும்.

இது தனிமனிதரின் தொல்லையோடு முடியவில்லை. இந்தியாவில் உடலிலும் தொடையிடுக்கிலும் வரும் படர்தாமரை கடந்த பத்தாண்டுகளில் எளிதில் தீராத நோயாக மாறிவிட்டது. இதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கு 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத கிளைகள் அதில் நிறைய உண்டு. ஸ்டீராய்டு கலவைக் களிம்புகளைக் கண்டபடி பயன்படுத்துவது இந்தப் பரவலுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. ஆனாலும் கவுன்டரில் நிற்கும்போது உங்களுக்குக் காவல் நீங்கள்தான்.

டியூபைத் திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள்.

- இருக்க வேண்டியவை (ஏதாவது ஒன்று போதும்): குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல், டெர்பினாஃபின்.
- இருக்கக் கூடாதவை: குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன்.

குளோட்ரிமசோல், குளோபெட்டசோல் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பவை. முதலாவது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. இரண்டாவது மிக வீரியமான ஸ்டீராய்டு. பெயரை முழுவதும் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். "ஸ்டீராய்டு கலக்காத, ஒரே மருந்து உள்ள கிரீம் வேணும்" என்று கேளுங்கள். மக்கள் மருந்தகங்களில் இந்த மருந்துகளை ஜெனரிக் பெயரில் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

எந்த மருந்து, எத்தனை நாள்

- குளோட்ரிமசோல் 1%: தினம் 2 வேளை, 4 வாரம்.
- மைக்கோனசோல் 2%: தினம் 2 வேளை, 4 வாரம்.
- லுலிகோனசோல் 1%: தினம் 1 வேளை, 2 வாரம்.
- டெர்பினாஃபின் 1%: தினம் 1 அல்லது 2 வேளை, விரலிடுக்குக்கு 1 முதல் 2 வாரம்.
- வொயிட்ஃபீல்டு களிம்பு (பென்சாயிக் அமிலம் 6%, சாலிசிலிக் அமிலம் 3%): தினம் 2 வேளை, 4 வாரம் அல்லது அதற்கு மேல். தடித்து வறண்ட உள்ளங்காலுக்கு ஏற்றது. நூறாண்டைத் தாண்டிய பழைய மருந்து, விலையும் குறைவு. வெடித்த விரலிடுக்கில் பூசினால் கடுமையாக எரியும், அங்கே வேண்டாம்.

இவை குறைந்தபட்ச அளவுகள். நம் ஊரில் இப்போது மருத்துவர்கள் இன்னும் நீண்ட காலம் பூசச் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எந்த மருந்தானாலும் தோல் பார்வைக்குச் சரியான பிறகும் ஒன்று முதல் இரண்டு வாரம் தொடர்வது நல்லது. அரிப்பு முதல் வாரத்திலேயே நின்றுவிடும், ஆனால் பூஞ்சை புகுந்த தோலடுக்கு முழுவதும் உதிர்ந்து புதிதாக வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அரிப்பு நின்றதை நோய் நின்றதாக எடுத்துக்கொண்டு டியூபை மூடிவைப்பதுதான், நோய் திரும்புவதற்கு நாம் செய்யும் மிகப் பெரிய உதவி.

வாங்கும்போதே கணக்குப் போட்டு வாங்குங்கள். சுட்டு விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய கிரீம் சுமார் அரை கிராம். இரு பாதங்களின் விரலிடுக்குகளுக்கும் அது போதும். தினம் இரண்டு வேளை, 28 நாள் என்றால் 28 கிராம். 15 கிராம் டியூப் இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் வாங்கியவர் இரண்டாம் வாரக் கடைசியில், அரிப்பு இல்லாத நேரத்தில், மறுபடி கடைக்குப் போவது அரிது.

பூசும் முறை

1. பாதத்தைச் சாதாரண சோப்பால் கழுவுங்கள். விரலிடுக்கில் சோப்பு தங்காமல் அலசுங்கள்.

2. முக்காலியிலோ கட்டிலிலோ உட்காருங்கள். நின்றபடி துடைத்தால் விரல்களின் மேல்பக்கம் மட்டும்தான் துடைபடும். ஈரம் பதுங்கியிருப்பது அடிப்பக்க மடிப்பில். பழைய பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவு கிழித்த துணி இதற்கு மிகவும் ஏற்றது. தடித்த துண்டு இடுக்குக்குள் நுழையாது. ஒரு கையால் சுண்டு விரலை மெல்ல விலக்குங்கள். துணியின் ஓரத்தை இடுக்கின் அடிவரை நுழைத்து ஒற்றி எடுங்கள். துணியில் ஈரம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தேய்க்க வேண்டாம்; ஊறிய தோல் தேய்த்தால் கையோடு வந்துவிடும். துணியின் உலர்ந்த பக்கத்தைத் திருப்பி அடுத்த இடுக்குக்குப் போங்கள். இரண்டு காலிலும் சேர்த்து எட்டு இடுக்கு.

3. விரல்களை விரித்தபடி மின்விசிறிக்கு எதிரே ஐந்து நிமிடம் காலை நீட்டி வையுங்கள்.

4. கிரீமை மெல்லிய படலமாகத் தடவுங்கள். புண் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் தடவ வேண்டும். ஓரத்தில்தான் பூஞ்சை புதிதாகப் படர்கிறது. ஒரே இடுக்கில் புண் இருந்தாலும் எட்டு இடுக்குக்கும் பூசுங்கள்.

5. கிரீம் வெள்ளையாகத் திரண்டு இடுக்கில் நின்றால் அளவு அதிகம். அதுவே ஈரமாகி ஊறவைக்கும், துடைத்தெடுங்கள்.

6. கையைச் சோப்பால் கழுவுங்கள். துடைத்த துணியைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

குனிய முடியாத முதியவர்களுக்கு வீட்டில் யாராவது ஒருவர் இதைச் செய்துவிட வேண்டும். "நானே பாத்துக்கறேன்" என்று அவர்கள் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அவர்களால் எட்ட முடியாத இடத்தில்தான் நோய் இருக்கிறது.

நீர் வடிந்தால்

புண் நீர் வடிந்து நாற்றமடித்தால் கிரீம் ஒட்டாது. முதலில் இரண்டு மூன்று நாள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் காலை வைத்து எடுக்க வேண்டும். 400 மி.கி. மாத்திரையாகக் கிடைத்தால் ஒன்றை 4 லிட்டர் நீரில் கரையுங்கள். படிகமாகக் கிடைத்தால் ஒரு குவளையில் ஒன்றிரண்டை முழுமையாகக் கரைத்து, நீர் வெளிர் இளஞ்சிவப்பாகும் அளவுக்கு மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். கத்தரிப்பூ நிறம் வந்தால் வீரியம் அதிகம், தோல் வெந்துவிடும். கரையாத படிகம் தோலில் பட்டாலும் சுடும். பத்து முதல் பதினைந்து நிமிடம், தினம் ஒரு முறை அல்லது இரு முறை போதும். பிறகு மேலே சொன்னபடி ஒற்றி உலர்த்துங்கள். நகமும் தோலும் சில நாள் பழுப்பாக இருக்கும், கவலை வேண்டாம். வடிதல் நின்றதும் ஊறவைப்பதை நிறுத்திவிட்டுக் கிரீமுக்கு வாருங்கள். மாத்திரையையும் படிகத்தையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கைவைத்தியம்: எது வரை?

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவதும், மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவதும் நடவு வேலை செய்யும் பெண்களிடம் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். மருதாணியில் உள்ள நிறப்பொருளுக்கும் மஞ்சளுக்கும் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அரைத்த விழுதின் வீரியம் ஒவ்வொரு முறையும் மாறும். ஆழப் புகுந்த தொற்றை அது தீர்க்கும் என்று நம்பியிருக்க முடியாது. லேசான ஊறலுக்கு, வெடிப்பு இல்லாத தோலில், வீட்டில் பறித்து அரைத்த மருதாணி போடலாம். ஒரு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் மருந்துக்கு வந்துவிடுங்கள். கடையில் விற்கும் கோன் மருதாணி வேண்டவே வேண்டாம். கறுக்கச் சிவப்பதற்காகச் சேர்க்கும் ரசாயனங்கள் புண்பட்ட தோலைப் பொசுக்கிவிடும்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், பேட்டரித் தண்ணீர், நசுக்கிய பூண்டு ஆகியவற்றை எந்த நிலையிலும் புண்ணில் வைக்காதீர்கள். இவை தோலைச் சுட்டுப் புண்ணை ஆழமாக்கும்.

மாத்திரையும் நகமும்

உள்ளங்கால் முழுதும் தடித்த வகைக்கும், களிம்புக்கு அடங்காததற்கும், நகத்தில் இறங்கியதற்கும் மாத்திரை தேவைப்படும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். டெர்பினாஃபின் எழுதும்போது கல்லீரல் பரிசோதனை கேட்பார்கள். இட்ராகோனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வேறு பல மருந்துகளோடும் மோதும். நீங்கள் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கால் நகம் ஓரத்தில் மஞ்சளித்து, தடித்து, பொடியாக உதிர்ந்தால் அங்கேயும் பூஞ்சை இருக்கலாம். அந்த நகம் அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்த விதைநெல் மாதிரி. விரலிடுக்கை எத்தனை முறை குணமாக்கினாலும் அங்கிருந்து மறுபடி முளைக்கும். நகத்துக்குச் சாதாரண கிரீம் பயன்படாது. பரிசோதித்து உறுதி செய்த பிறகு, கால் நகத்துக்கு டெர்பினாஃபின் 250 மி.கி. வழக்கமாக 12 வாரம் தருவார்கள். பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். மாத்திரை முடிந்ததும் நகம் பழையபடியே இருக்கிறதே என்று மனம் தளராதீர்கள். அடியிலிருந்து தெளிவான நகம் வளர்ந்து வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

திரும்ப வராமல் காக்க

*வயல் வேலைக்கு:* இறங்கும் முன் விரலிடுக்குகளில் வாசலின் அல்லது வேப்பெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். தண்ணீர் ஊறுவதை அது தாமதப்படுத்தும். மதியச் சாப்பாட்டுக்குக் கரையேறும்போது நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, சாப்பிட்டு எழும்வரை வெயில்படும்படி வையுங்கள். வேலை முடிந்ததும் கழுவி ஒற்றி உலர்த்துவதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். இரவு முழுதும் கால் உலர்ந்திருக்க வேண்டும். வியட்நாம் போரில் நெல்வயல்களில் நாட்கணக்கில் ஈர பூட்ஸைக் கழற்றாமல் நடந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் பாதப் புண்ணால் நடக்க முடியாமல் போனார்கள். உலர இடைவெளி கிடைக்காத பாதம் எவ்வளவு திடமான உடம்பையும் படுக்கவைத்துவிடும்.

*ஷூ அணிபவர்களுக்கு:* இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். ஒரு நாள் வியர்வையில் ஊறிய ஷூ ஓரிரவில் காயாது. கழற்றியதும் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள். சாக்ஸைத் தினம் மாற்றுங்கள். வியர்வை அதிகமென்றால் மதியமும் மாற்றுங்கள். துவைக்கும்போது 60 டிகிரி சூட்டு நீரில் ஊறவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். குளோட்ரிமசோல் பவுடரை ஷூவுக்குள்ளும் உலர்ந்த விரலிடுக்கிலும் லேசாகத் தூவலாம். பவுடர் தடுப்புக்குத்தான், இருக்கும் புண்ணைத் தீர்க்கக் கிரீம்தான் வேண்டும்.

*உடை அணியும்போது:* புண் இருக்கும் நாட்களில் முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை. வெறும் பாதத்தின் வழியே உள்ளாடையை ஏற்றினால் பூஞ்சைச் செதிலும் அதனோடு தொடையிடுக்குக்கு ஏறும்.

*வீட்டில்:* பாதம் துடைக்கும் துணி, செருப்பு, நகவெட்டி ஆகியவை ஆளுக்கொன்றாக இருக்கட்டும். விடுதிக் குளியலறையில் செருப்போடு குளியுங்கள். வீட்டில் இருவருக்கு நோய் இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்யுங்கள். ஐந்து வேளைத் தொழுகைக்காகக் கால் கழுவி ஒளு செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் விரலிடுக்கை ஒற்றித் துடைத்த பிறகே சாக்ஸ் அணிய வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

- சர்க்கரை நோயாளிகள், சிறிய வெடிப்பானாலும். உணர்ச்சி குறைந்த காலில் அந்த வெடிப்பு வழியே பாக்டீரியா இறங்கினால் விரலையோ காலையோ இழக்கும்வரை கொண்டுபோய்விடும். தினமும் படுக்கும் முன் விரலிடுக்கைப் பார்ப்பதைச் சர்க்கரை மாத்திரை போடுவதைப் போலக் கட்டாயமாக்குங்கள்.
- யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள். அவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் கால் சிவந்து வீங்குவதற்கும் விரலிடுக்கு வெடிப்பே பெரும்பாலும் வாசல். தினமும் கழுவி, உலர்த்தி, வெடிப்பு கண்டதும் களிம்பு பூசினால் அந்தத் தாக்குதல்கள் பெரிதும் குறையும்.
- சிவப்பும் சூடும் புறங்காலுக்கு ஏறியவர்கள், சீழ் வைத்தவர்கள், காய்ச்சலோடு தொடையிடுக்கில் நெறி கட்டியவர்கள்.
- சேற்றிலோ வெள்ளநீரிலோ நடந்த பிறகு கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தவர்கள். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். புண்பட்ட தோல் அந்தக் கிருமிக்கும் வழி. "தண்ணியில நின்னேன், கால்ல புண்ணு இருக்கு" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.
- நான்கு வாரம் முறையாகப் பூசியும் குறையாதவர்கள்.
- ஏற்கெனவே ஸ்டீராய்டு கலவைக் களிம்பை நெடுநாள் பூசியவர்கள். அந்த டியூபை வெட்கப்படாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஒரு மாதம் கழித்துச் செய்ய வேண்டிய சரிபார்ப்பு

மருந்து தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, நான்கு வாரம் கழித்து இந்தக் கேள்விகளுக்கு விடை பாருங்கள். எட்டு இடுக்கிலும் தோல் பக்கத்துத் தோலைப் போலவே இருக்கிறதா? வெடிப்பு, செதில், வெண்மை எல்லாம் முழுதும் நீங்கிவிட்டனவா? நகங்கள் தெளிவாக இருக்கின்றனவா? தொடையிடுக்கும் கையும் படையில்லாமல் இருக்கின்றனவா? பழைய ஷூவையும் சாக்ஸையும் சுத்தம் செய்தாயிற்றா?

எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றால், நீங்கள் தொடங்கியது எந்த மருந்தானாலும், தோல் தெளிந்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது பூசியிருக்கிறீர்களா என்று கணக்குப் பாருங்கள். பூசியிருந்தால் நிறுத்தலாம், இல்லையென்றால் மீதி நாட்களுக்கும் பூசி முடியுங்கள். ஒன்றுக்கேனும் "இல்லை" என்றால் டியூபை மாற்றிப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலோ காட்டிச் செதில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் குளித்த பின் உட்கார்ந்து எட்டு இடுக்கையும் ஒற்றி எடுப்பதை மட்டும் விடாதீர்கள். அதற்கு இரண்டு நிமிடமும் ஒரு பழந்துணியும் போதும்.